கட்டை அடியைத் தொட்ட பிறகு

டிஜிட்டல் பியானோ வாங்கிய எவரும் முதல் சில நாட்களிலேயே ஒரு வேற்றுமையை உணர்ந்துவிடுவார்கள். பியானோ ஒலியில் வாசிக்கும்போது கருவி நம்பும்படியாக ஒலிக்கிறது, அதே கருவியில், அதே ஒலிபெருக்கிகள் வழியாக, பட்டியலில் கீழே இருக்கும் வயலினையோ புல்லாங்குழலையோ தேர்ந்தெடுத்து அதே மெட்டை வாசித்தால், கேட்பவர் உடனே “கீபோர்டு வாசிக்கிறீர்களா?” என்று கேட்டுவிடுகிறார். தயாரிப்பாளர்கள் பியானோ ஒலியின்மேல் வைத்த அக்கறையை மற்ற ஒலிகளின்மேல் வைக்கவில்லை என்பதே இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பல கிகாபைட் அளவுள்ள விலையுயர்ந்த வயலின் ஒலித்தொகுப்பைக் கணினியில் நிறுவி, அதைத் தம் டிஜிட்டல் பியானோவின் கட்டைகளால் வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காரணம் போதாது என்பது தெரியும். ஒலி அழகாகிவிடும், வாசிப்பு கீபோர்டாகவே இருக்கும். குறை பெரும்பாலும் கட்டைக்கும் ஒலிக்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த உறவைப் புரிந்துகொண்டால், என் வீட்டில் இருப்பதைப் போன்ற, ஒலியை வளைக்கும் சக்கரமோ பொத்தான் வரிசையோ இல்லாத எளிய கருவியிலும் வேறு வாத்தியங்களை மதிக்கத்தக்க வகையில் வாசிக்க முடிகிறது.

டிஜிட்டல் பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு அல்லது மூன்று உணரிகள் உள்ளன. கட்டை கீழே இறங்கும்போது அது முதல் உணரியைக் கடப்பதற்கும் அடுத்ததைக் கடப்பதற்கும் இடையே கழிந்த நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் வேகமான அடி, கூடுதலாக இருந்தால் மென்மையான அடி. அந்த அளவு 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாறுகிறது. இதைத்தான் வெலாசிட்டி என்கிறோம். மூன்றாவது உணரி இருந்தால், கட்டை முழுவதும் மேலே எழும்புவதற்கு முன்பே அதே சுரத்தை மறுபடி ஒலிக்கச் செய்யலாம். 1821இல் செபாஸ்டியன் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்புப் பொறியமைப்பால் கிராண்ட் பியானோவுக்குக் கிடைத்த வசதியின் மின்னணு வடிவம் அது. இவ்வளவுதான் கட்டைக்குத் தெரிந்தது. எந்தச் சுரம், எந்த வேகம், எப்போது விடப்பட்டது என்ற மூன்று செய்திகளுக்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அடியைத் தொட்ட கட்டையை நீங்கள் இன்னும் அழுத்தினாலும், விரலை அசைத்தாலும், உள்ளம் உருகி நின்றாலும், பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் ஒலி சற்றும் மாறாது.

பியானோவுக்கு இது ஒரு குறையே ஆகாது; ஏனெனில் மெய்யான பியானோவின் இயல்பே அதுதான். கட்டை அடியை எட்டுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் அதிலிருந்து விடுபட்டு, கவணிலிருந்து பறந்த கல்லைப் போல, தன் வேகத்தோடு மட்டும் போய்க் கம்பியைத் தாக்குகிறது. அதன் பிறகு அந்தச் சுரம் தேய்ந்துகொண்டே போகும். வாசிப்பவர் அதை அடக்கலாம், பெடலால் நீட்டலாம், ஆனால் வளர்க்க முடியாது. ஆகவே அடியின் வேகத்தை மட்டும் அளந்தாலே பியானோவைப் பற்றி அறிய வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. வயலினில் நிலைமை நேர்மாறானது. வில் கம்பியைத் தொடும் கணம் ஒரு தொடக்கம் மட்டுமே. அந்தச் சுரம் எழுந்து, நிறைந்து, நடுங்கி, அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வரை வில்லும் விரலும் அதை ஆண்டுகொண்டே இருக்கின்றன. குழலில் மூச்சும் உதடும் செய்யும் வேலையும் அதுவே. பியானோக் கட்டையால் வயலின் வாசிக்கும்போது தொடக்கத்தை மட்டும் நாம் கொடுக்கிறோம். மீதியை யாரும் கொடுப்பதில்லை. கேட்பவரின் காது கண்டுபிடிப்பது அந்த வெற்றிடத்தைத்தான்.

கட்டை வாத்தியங்கள் எல்லாமே இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பியானோவுக்கு மூத்ததான கிளாவிகார்டில், கட்டையின் மறுமுனையில் உள்ள சிறு பித்தளைத் தகடு, கட்டை அழுந்தியிருக்கும் வரை கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எனவே விரலை மெல்ல அழுத்தியும் தளர்த்தியும் சுரத்தை நடுங்கச் செய்ய முடிந்தது. ஜெர்மானியர்கள் அதற்கு ‘பேபுங்’ என்று பெயரிட்டிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் சி. பி. இ. பாக் அந்த மெலிந்த குரல் கொண்ட கருவியைப் பெரிதும் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டில் மோரிஸ் மார்த்தனோ என்ற பிரெஞ்சுக்காரர், அடிப்படையில் ஒரு செல்லோ வாசிப்பாளர், 1928இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய ஓந்த் மார்த்தனோ என்ற மின்னணுக் கருவி இந்தச் சிக்கலை வேறொரு கோணத்தில் தீர்த்தது. அதில் வலக்கை சுரத்தைத் தேர்ந்தெடுக்கும். கட்டைகள் பக்கவாட்டில் சற்று அசையக்கூடியவை என்பதால் விரலின் ஆட்டம் விப்ராட்டோவாக, அதாவது சுரத்தின் நடுக்கமாக, மாறும். ஒலியின் வலிமை முழுவதும் இடக்கையின் பொறுப்பு. அங்குள்ள ஒரு பொத்தானை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு ஒலி, அழுத்தாவிட்டால் மௌனம். ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான். செல்லோவின் வில் செய்யும் வேலையை இடக்கைக்கு அப்படியே மாற்றிக் கொடுத்தார் மார்த்தனோ. டிஜிட்டல் பியானோவில் வேறு வாத்தியம் வாசிக்க விரும்பும் ஒருவர் கற்க வேண்டிய பாடத்தின் பெரும்பகுதி இந்தப் பழைய கருவியிலேயே அடங்கியிருக்கிறது: ஒரு கை சுரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொரு கையோ காலோ மூச்சோ அந்தச் சுரத்தின் வாழ்நாளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதற்கான வழிகள், மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்றும் கணினியோடும் செய்தி பரிமாறிக்கொள்ள 1983இல் வெளிவந்த மிடி நெறிமுறையிலேயே இருக்கின்றன. கட்டைகளின் செய்தியோடு கூட, 0 முதல் 127 வரை தொடர்ந்து மாறும் கட்டுப்பாடுகளையும் அது கடத்தும். 1ஆம் எண் மாடுலேஷன் (பெரும்பாலும் ஒரு சக்கரத்தால் ஒலியின் தன்மையை மாற்றுவது), 2ஆம் எண் மூச்சு, 7ஆம் எண் ஒட்டுமொத்த ஒலியளவு, 11ஆம் எண் எக்ஸ்பிரஷன் (வாசிக்கும்போதே ஒலியை ஏற்றி இறக்குவது), 64ஆம் எண் சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடல். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் மட்டும் தனிச்செய்தி. அதற்கு 16,384 படிகள் உண்டு, ஏனெனில் சுருதியில் சிறு படிக்கட்டு தெரிந்தாலும் காது பொறுக்காது. யூஎஸ்பி வழியே கணினியோடு இணைக்கக்கூடிய எந்த டிஜிட்டல் பியானோவுக்கும், இந்தக் கட்டுப்பாடுகளை அனுப்பும் ஒரு சிறு தனிக்கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கட்டைகள் ஒரு கருவியிலிருந்தும் கட்டுப்பாடு இன்னொன்றிலிருந்தும் வந்தாலும் ஒலித்தொகுப்புக்கு அது ஒரு பொருட்டல்ல.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், கட்டைக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து என்னென்ன வாத்தியங்களை வாசிக்கலாம் என்று பார்ப்பது நல்லது. அடித்தோ மீட்டியோ விட்டுவிடும் வாத்தியங்கள் எல்லாம் பியானோவின் உறவினர்கள். அவற்றுக்கு அடியின் வேகமே போதும். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது வைப்ரஃபோன். உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டும் அந்த வாத்தியத்தில் பியானோவைப் போலவே ஒலியை அடக்கவும் நீட்டவும் ஒரு பெடல் இருக்கிறது என்பதால், நம் காலடியில் உள்ள சஸ்டெயின் பெடல் அங்கே உள்ளது உள்ளபடியே பொருந்துகிறது. அதன் எல்லை பொதுவாக மூன்று எண்மங்கள் (ஆக்டேவ்). நடுக் கட்டையான ‘சி’க்குக் கீழே உள்ள ‘எஃப்’ முதல் மேல்நோக்கி. வாசிப்பவர் கையில் இரண்டு கோல்கள், மிஞ்சினால் நான்கு. எனவே ஒரே நேரத்தில் நான்கு சுரங்களுக்கு மேல் வாசிக்காமல், அந்த மூன்று எண்மங்களுக்குள் நின்று, இரு கைகளாலும் மாற்றி மாற்றித் தட்டினால், சாதாரண டிஜிட்டல் பியானோவின் வைப்ரஃபோன் ஒலியே வியக்கத்தக்க அளவு மெய்யாகிவிடும். பத்து விரலையும் பரப்பி வாசித்த அந்தக் கணமே மாயை கலைந்துவிடும்.

கிதாரில் இதே கட்டுப்பாடு இன்னும் கடுமையானது, ஏனெனில் கிதார்க் கம்பிகளின் அமைப்பு பியானோக்காரரின் கைக்கு இயல்பாக வரும் சுரக்கூட்டுக்கு ஒத்துவராது. ‘சி மேஜர்’ என்றவுடன் பியானோ வாசிப்பவரின் கை சி, ஈ, ஜி என்று நெருக்கமாக மூன்று கட்டைகளைப் பிடிக்கும். கிதாரில் பொதுவாகப் பிடிக்கப்படும் ‘ஈ மேஜர்’ சுரக்கூட்டு கீழிருந்து மேலாக ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ என்று இரண்டு எண்மங்களுக்குப் பரந்து கிடக்கிறது; மூன்றாவது சுரமான ஜி ஷார்ப் ஒரே ஒரு முறை, அதுவும் மேல்பகுதியில்தான் வருகிறது. இரு கைகளாலும் அந்தப் பரப்பைப் பிடித்து, கீழிருந்து மேலாக மிகச் சிறிய இடைவெளியோடு விரல்களை உருட்டினால் கீழ்நோக்கிய மீட்டல். மேல் கம்பிகளில் மூன்று நான்கை மட்டும் மேலிருந்து கீழாக, சற்று மென்மையாக உருட்டினால் மேல்நோக்கிய மீட்டல். தாளத்தோடு இதைச் செய்வதற்குப் பயிற்சி வேண்டும். யாழ் வகையைச் சேர்ந்த ஹார்ப்பில் 47 கம்பிகள் இருந்தாலும், வாசிப்பவர் சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை. ஒரு கைக்கு நான்கு விரல்கள்தான். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டாலே ஹார்ப் ஒலியில் வாசிக்கும் பாங்கு மாறிவிடுகிறது.

ஆர்கனும் ஆர்மோனியமும் எதிர்த்திசையில் நிற்பவை. அவற்றில் கட்டையை எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒலி ஒன்றே. ஆகவே கருவியின் அமைப்புகளுக்குள் சென்று தொடு உணர்வை ‘நிலையானது’ என்று மாற்றிவிட வேண்டும். பல கருவிகள் ஆர்கன் ஒலிக்கு இதைத் தாமே செய்துவிடும், ஆர்மோனியம் ஒலிக்குச் சில செய்வதில்லை. ஆர்மோனியத்தின் உணர்ச்சி முழுவதும் துருத்தியில் இருக்கிறது. அந்தக் கையின் வேலையை, காலால் ஒலியை ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கு மாற்றாவிட்டால், வாசிப்பது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒலி சப்பென்றே இருக்கும்.

இனித் தொடர்ந்து ஒலிக்கும் வாத்தியங்களுக்கு வரலாம். இங்கே எக்ஸ்பிரஷன் பெடல்தான் முதன்மையானது. சஸ்டெயின் பெடலைப் போலக் காலை எடுத்தவுடன் மீண்டும் மேலெழாமல், வைத்த இடத்தில் நிற்கும் பெடல் அது. மேடைக்கென்று செய்யப்பட்ட பியானோக்களில் அதற்கான துளை பின்புறத்தில் இருக்கும். வீட்டுக் கருவிகள் பலவற்றில் இருக்காது, அப்போது யூஎஸ்பி பெடலைக் கணினியில் நேராகச் செருகிக்கொள்ளலாம். அதை 7ஆம் எண்ணுக்கு அமைக்காமல் 11ஆம் எண்ணுக்கு அமைப்பது முக்கியம். ஒட்டுமொத்த ஒலியளவு என்பது வாத்தியங்களுக்கு இடையே சமநிலையை ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டியது. எக்ஸ்பிரஷன் அந்த எல்லைக்குள் நின்று ஒவ்வொரு சொற்றொடரையும் வளர்த்துத் தேய்ப்பதற்கு உரியது. பழகத் தொடங்குபவர் ஒரே ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கால் மூலம் அதை மௌனத்திலிருந்து எழுப்பி, உச்சிக்குக் கொண்டுபோய், மீண்டும் மௌனத்துக்கு இறக்கிப் பழகுவதுதான் சரியான முதல் பயிற்சி என்று நினைக்கிறேன். பாட்டு கற்பவர்கள் காலையில் ஷட்ஜத்தைப் பிடித்துக் கார்வை கொடுக்கும் பழக்கத்தின் நோக்கமும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

ஆனால் ஒலியளவை மட்டும் மாற்றினால் காது ஏமாறாது. 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ழான் குளோத் ரிசே டிரம்பெட் ஒலியைக் கணினியால் ஆராய்ந்தபோது கண்ட உண்மை இதற்கு விளக்கம் தருகிறது: டிரம்பெட்டை உரக்க ஊதும்போது ஒலி பெரிதாவதோடு, உயர்ந்த மேற்சுரங்களும் கூடிக்கொண்டே போகின்றன, ஒலி வெளிச்சமாகிறது. மென்மையாக ஊதும்போது அவை மறைந்து, ஒலி உருண்டையாகிறது. ஆகவே உரக்க ஊதிப் பதிவு செய்த டிரம்பெட்டின் ஒலியளவைக் குறைத்தால், மென்மையாக ஊதிய டிரம்பெட் கிடைக்காது. தூரத்தில் நின்று உரக்க ஊதும் டிரம்பெட்தான் கிடைக்கும். கீபோர்டு ஒலிகளின் பொய்த்தன்மையில் பாதி இங்கேதான் இருக்கிறது. நல்ல ஒலித்தொகுப்புகள் ஒவ்வொரு சுரத்தையும் மெல்லிய, நடுத்தர, உரத்த நிலைகளில் தனித்தனியே பதிவு செய்து, ஒரு கட்டுப்பாட்டின் அசைவுக்கு ஏற்ப ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கலந்து செல்கின்றன. அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் 1ஆம் எண். எனவே மாடுலேஷன் சக்கரத்தில் கை வைத்து ஒலியின் நிறத்தையும், பெடலில் கால் வைத்து அதன் அளவையும் சேர்த்து நடத்தினால்தான் ஒரு சுரம் மெய்யாக வளரும். கணினி இல்லாமல் டிஜிட்டல் பியானோவின் உள்ளிருக்கும் ஒலிகளை மட்டும் வாசிப்பவருக்கு இந்த வசதி கிடைப்பது அரிது. அவர் செய்யக்கூடியது, உரத்த பித்தளை ஒலிகளை மென்மையான மெட்டுக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதுதான்.

மூச்சைக் கட்டுப்பாடாகக் கொள்ளும் வழியும் உண்டு. யமஹாவின் டிஎக்ஸ்7 என்ற மின்னணுக் கீபோர்டு 1983இல் வந்தபோதே மூச்சுக் கருவிக்கென்று ஒரு துளை அதில் இருந்தது. வாயில் கவ்விக்கொண்டு ஊதும் சிறு குழாய் அது. இன்றும் யூஎஸ்பி வழியாக இணையும் மூச்சுக் கருவிகள் கிடைக்கின்றன. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் வாசிக்க இதைவிட நேர்மையான வழி வேறில்லை என்பேன். ஒலியின் நடுக்கமும் தொடக்கத்தின் தெறிப்பும் எந்தத் திட்டமும் இல்லாமல் தாமே வந்துவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, மூச்சு தீர்ந்தால் வாசிப்பு நின்றே ஆக வேண்டும். கையால் மட்டும் வாசிப்பவர் புல்லாங்குழலில் ஒரு பக்கம் முழுவதும் மூச்சே விடாமல் வாசித்துக்கொண்டு போவார். கேட்பவருக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் மூச்சு முட்டும். மூச்சுக் கருவி இல்லாதவர்கள் வாசிக்கும்போதே சொற்றொடரோடு சேர்த்து மூச்சை வெளியே விட்டுப் பழகினால் இதே பயன் பெரும்பாலும் கிடைக்கிறது. வயலினுக்கும் வில்லின் நீளம் என்ற எல்லை இருக்கிறது. வில் திரும்பும் இடத்தில் சிறு தளர்ச்சி தெரிய வேண்டும்.

பியானோ கற்றவர்களிடம் வேரோடிப்போன ஒரு பழக்கத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சுரங்களைத் தொடர்ந்து இணைக்க வலது பெடலை மிதிப்பது அவர்களுக்குக் கண்ணிமைப்பதைப் போல் தானாக நடக்கிறது. புல்லாங்குழல் ஒலியில் அதைச் செய்தால், முந்தைய சுரம் அடங்காமலே அடுத்தது எழுந்து, ஒரே குழலில் இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். அப்படியொரு குழல் உலகில் இல்லை. குழலும் நாதஸ்வரமும் கிளாரினெட்டும் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே தருபவை. வயலினில் இரண்டு கம்பிகளைச் சேர்த்து வாசிக்கலாம், அதற்கு மேல் தொடர்ந்து வாசிக்க இயலாது. எனவே அந்தப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கருவியிலோ மென்பொருளிலோ ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் தரும் ‘மோனோ’, சுரங்களை இணைக்கும் ‘லெகாட்டோ’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு கட்டையை விடுவதற்குச் சற்று முன்பே அடுத்ததை அழுத்த வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்தக் கணத்தை வைத்து, புதிய சுரத்தின் தொடக்கத் தெறிப்பை நீக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து செல்லும் ஒலியை மென்பொருள் கொடுக்கும். வியென்னா சிம்பானிக் லைப்ரரி என்ற நிறுவனத்தை உருவாக்கிய ஹெர்ப் டுக்மாண்டல் தாமே செல்லோ வாசித்தவர்; சுரங்களை மட்டும் பதிவு செய்யாமல், ஒவ்வொரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இடைப்பகுதிகளையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றது, அந்த அனுபவத்திலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

விப்ராட்டோவைப் பற்றி ஒரு செய்தி போதும். வயலின் வாசிப்பாளரின் விரல் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 முறை ஆடுகிறது. ஆனால் சுரம் தொடங்கியவுடன் ஆடுவதில்லை. சுரம் நிலைத்த பிறகு மெல்லத் தொடங்கி, அகன்று, முடிவில் சில வேளை ஒடுங்குகிறது. குறுகிய சுரங்களில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. டிஜிட்டல் பியானோவின் உள்ளொலியில் விப்ராட்டோ பதிவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய இயலாது. விப்ராட்டோ இல்லாத வயலின் ஒலி ஒன்று கிடைக்குமானால், அதைத் தேர்ந்தெடுத்துச் சக்கரத்தால் நடுக்கத்தைப் பின்னர் சேர்ப்பதே எப்போதும் மேல்.

வாத்தியத்தின் எல்லையை மதிப்பதும் இதைப் போன்றே எளியது, ஆனால் அடிக்கடி மறக்கப்படுவது. 88 கட்டைகளும் ஒலிக்கின்றன என்பதற்காக அனைத்தும் வயலின் ஆகிவிடாது. வயலினின் மிகக் கீழான சுரம் நடு ‘சி’க்குக் கீழே உள்ள ‘ஜி’. மேற்கத்தியப் புல்லாங்குழல் ஏறத்தாழ நடு ‘சி’யில் தொடங்குகிறது, அதன் கீழ்ச் சுரங்கள் இயல்பாகவே அடங்கியவை, உச்சச் சுரங்களை மென்மையாக ஊதுவது கடினம். கீழே உரக்கவும் மேலே கிசுகிசுப்பாகவும் வாசித்தால், ஒவ்வொரு சுரமும் மெய்யான பதிவாக இருந்தும் மொத்தம் பொய்யாகிவிடும். பல வயலின்கள் சேர்ந்து ஒலிக்கும் தொகுப்பொலியில் வேறொரு தொல்லை: அதன் தொடக்கம் மெதுவானது. தாளத்துக்குச் சரியாகக் கட்டையை அழுத்தினால் ஒலி பிந்தி வரும். கை சற்று முந்திச் செல்லப் பழக வேண்டும்.

நம் இசைக்கு வரும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. கட்டை வாத்தியத்தால் கமகத்தைத் தர முடியாது என்ற வாதம் புதியதன்று. அந்த அடிப்படையில்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. சங்கராபரணத்தை வெள்ளைக் கட்டைகளில் வரிசையாக வாசித்தால் கிடைப்பது மேற்கத்திய மேஜர் வரிசை. ராகம் எங்கும் தென்படாது. தோடியின் காந்தாரம் இன்னும் கடினம். அது ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை. ஏறத்தாழ ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அகன்று ஊசலாடுகிறது. காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு நிற்பதால் தோடி வராது. பிட்ச் பெண்டின் எல்லை வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்களாகவே வைக்கப்பட்டிருக்கும். அதை நான்காக விரித்து, ரிஷபக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் சக்கரத்தை மேலே தள்ளித் தளர்த்தினால், காந்தாரக் கட்டையைத் தொடாமலே காந்தாரம் வருகிறது. முதன்முறை அப்படி வரும்போது ஏற்படும் வியப்பை விவரிப்பது கடினம். கீபோர்டில் கர்நாடக இசை வாசித்துப் பெயர் பெற்ற கே. சத்யநாராயணன் போன்றவர்களின் கச்சேரியைப் பார்ப்பவர்கள் அவர்களுடைய இடக்கையைக் கவனிக்க வேண்டும். ராகத்தில் பாதி அங்கேதான் உருவாகிறது.

இந்த முறைக்கு வீணை மிகவும் பொருந்துகிறது. ஒரு மீட்டலுக்குப் பிறகு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த ஒரே மீட்டலின் தேயும் ஒலியிலிருந்து பல சுரங்களை எடுப்பதே அதன் உயிர். ஆக, கட்டையின் அடி மீட்டலாகிறது, சக்கரம் இழுப்பாகிறது, தேய்வு பதிவிலேயே இருக்கிறது. எக்ஸ்பிரஷன் பெடல்கூட வேண்டாம். கீபோர்டுகளுக்கான பொது ஒலிப்பட்டியலாக 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடியின் 128 ஒலிகளில் சிதார் உண்டு, ‘ஷனாய்’கூட உண்டு, வீணையும் நாதஸ்வரமும் இல்லை என்பது சிறு வருத்தம்தான், தனி ஒலித்தொகுப்புகளைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது. நாதஸ்வரத்தைப் பொறுத்தவரை நான் இன்னும் திருப்தி அடையவில்லை. மூச்சும் சீவாளியின்மேல் உதடு தரும் அழுத்தமும் சேர்ந்து சுருதியையும் நிறத்தையும் ஒரே வேளையில் மாற்றுவதால், இரண்டு கட்டுப்பாடுகளைத் தனித்தனியே நடத்தி அதைப் பிடிப்பது பெரும்பாடாக இருக்கிறது.

கணினி வழியாக வாசிப்பவர்கள் காலதாமதத்தையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற அமைப்பில் 256 மாதிரிகள் கொண்ட இடைத்தேக்கம் (ஒலியைச் சற்றுச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர்) வைத்தால் அதனால் மட்டும் ஏறத்தாழ 5.8 மில்லிநொடி தாமதம். மொத்தம் 10 மில்லிநொடி என்றால், ஒலிபெருக்கியிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பதற்குச் சமம். கை அதைப் பொறுத்துக்கொள்கிறது. புளூடூத் காதுக்கருவியில் தாமதம் பல வேளைகளில் 100 மில்லிநொடியைத் தாண்டிவிடும் என்பதால் அது வாசிப்புக்கு உதவாது. கம்பி இணைப்பே சரி.

கட்டையே தொடர்ந்து உணரும்படி செய்த புதிய கருவிகளும் வந்துவிட்டன. லிப்போல்ட் ஹேகன் உருவாக்கிய, ஏ. ஆர். ரஹ்மான் பயன்படுத்தியதால் நம்மவர்களுக்கு அறிமுகமான கன்டினூம் என்ற விரற்பலகையில் கட்டைகளே இல்லை. வழுவழுப்பான பரப்பில் விரல் எங்கும் சறுக்கலாம். எக்ஸ்பிரசிவ் ஈ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆஸ்மோஸ் பியானோக் கட்டை வடிவிலேயே இருந்தாலும், கட்டைகள் பக்கவாட்டில் அசைகின்றன, அடியைத் தொட்ட பிறகும் மேலும் அழுந்துகின்றன. மார்த்தனோவின் எண்ணம் நூறாண்டுக்கு அருகில் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியே அனுப்ப உதவும் எம்பிஈ என்ற மிடி விரிவு 2018இல் ஏற்கப்பட்டது. இவை விலை கூடியவை. மேலும் பியானோ வாசிப்பதற்கென்று எடையுள்ள கட்டைகளைத் தேடி வாங்கிய ஒருவர், வயலினுக்காக இரண்டாவது கருவி ஒன்றை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஓர் எக்ஸ்பிரஷன் பெடல். அதற்கு இடக்கையோடு சேர்ந்து கால் பழகிய பிறகு, பிட்ச், மாடுலேஷன் ஆகிய இரண்டு சக்கரங்களும் கொண்ட 25 கட்டை யூஎஸ்பி கீபோர்டு ஒன்று. அதன் கட்டைகளைப் பயன்படுத்த வேண்டியதில்லை, பியானோவின் இடப்புறம் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டால் போதும். ஊதுவாத்தியங்களில் ஆர்வம் இருந்தால் அதற்குப் பின் மூச்சுக் கருவி. பெரிய ஒலித்தொகுப்புகளை இந்த வரிசையின் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்றால் அவற்றை நடத்தக் கையும் காலும் தயாராகும் வரை அவை கணினியில் இடத்தை மட்டுமே அடைத்துக்கொண்டிருக்கும்.